டெசராக்ட் 5: தமிழ் அச்சுப் பக்கங்களை எந்த அளவுக்கு நம்பி ஒப்படைக்கலாம்?

ஸ்கேன் செய்த பழைய நூலின் பக்கங்களைத் தேடவும் திருத்தவும் கூடிய எழுத்தாக மாற்ற விரும்புவோர் முதலில் கேள்விப்படும் எழுத்துணரிகளில் ஒன்று டெசராக்ட். இதற்கு விலை இல்லை. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் மூலநிரலோடு கிடைக்கிறது. இணைய இணைப்பே இல்லாத கணினியிலும் இயங்குகிறது. அச்சிட்ட தமிழ் நூல்களை எண்ணிமமாக்குவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இது செய்யும் பிழைகள் எப்படிப்பட்டவை என்று தெரியாமல் இதன் வெளியீட்டை அப்படியே பதிப்பிக்க முனைபவர், தட்டச்சுப் பிழையைவிட மோசமான ஒன்றை வாசகர் கையில் கொடுத்துவிடுவார்.

இந்தக் கருவிக்கு வயது ஏறக்குறைய நாற்பது. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் பிரிஸ்டல் ஆய்வகத்தில் 1980களின் நடுவில் ரே ஸ்மித் தொடங்கிய பணி, 1994 வரை அந்நிறுவனத்துக்குள்ளேயே வளர்ந்தது. 1995இல் லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகம் நடத்திய எழுத்துணரிச் சோதனையில் முன்னணிக் கருவிகளுள் ஒன்றாக இடம்பெற்ற பிறகும், சந்தைக்கு வராமல் பத்தாண்டு உறங்கிக் கிடந்தது. 2005இல் மூலநிரல் பொதுவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் ஆதரவில் வளர்ச்சி தொடர்ந்தது. 2018 அக்டோபரில் 4.0 பதிப்பும், 2021 நவம்பரில் 5.0 பதிப்பும் வெளிவந்தன. இன்று இது நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைப் படிக்கிறது.

தமிழருக்கு முக்கியமான திருப்பம் 4.0 பதிப்புதான். அதற்கு முந்தைய பதிப்புகள் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனித் துண்டாக வெட்டியெடுத்து, அதன் உருவத்தை வைத்து அடையாளம் கண்டன. ஆங்கிலத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் நின்று 'கொ', 'கோ' என்று ஒலிக்கும் தமிழுக்கு அந்த முறை சங்கடமானது. தாளில் கொம்பு முன்னால் நிற்கிறது. கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடிலோ அது மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் பதிவாக வேண்டும். துண்டு துண்டாகப் படிக்கும் இயந்திரம் இந்த இடமாற்றத்தில் அடிக்கடி தடுமாறும். 4.0இல் புகுத்தப்பட்ட, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நரம்பியல் வலையமைப்பு, ஒரு முழு வரியையே உள்வாங்கி, முன்னும் பின்னும் உள்ள வடிவங்களைக் கணக்கில் கொண்டு எழுத்துத் தொடரை வெளியிடுகிறது. ஆகவே, தெளிவான பக்கமாக இருந்தால் ஒகர ஓகாரங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துசேர்கின்றன.

இந்த முன்னேற்றத்துக்குள்ளேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. எழுத்தெழுத்தாகப் படித்த கருவி தவறினால் பொருளற்ற குப்பை வரும்; மெய்ப்புப் பார்ப்பவரின் கண் உடனே அதில் தடுக்கி நிற்கும். சூழலைப் பார்த்துப் படிக்கும் கருவி தவறும்போதோ, அந்தத் தவறும் நல்ல தமிழ்ச் சொல்லாகவே வந்து அமர்ந்துவிடுகிறது. தமிழ் அச்செழுத்துகளின் இயல்பு இதற்குத் தோதாக இருக்கிறது. மை கொஞ்சம் பரவினாலோ அச்சு தேய்ந்திருந்தாலோ, துணைக்காலுக்கும் 'ர'கரத்துக்கும் இடையே உள்ள சிறிய வேறுபாடு மறைந்துவிடும். அப்போது 'நாகம்' 'நரகம்' ஆகலாம், 'காடு' 'கரடு' ஆகலாம், 'தாம்' 'தரம்' ஆகலாம்; இவற்றில் எதையும் சொற்பிழைத் திருத்தி பிடிக்காது. சுழிகளின் எண்ணிக்கையை நம்பி நிற்கும் எழுத்துகளிலும் இதே ஆபத்து உண்டு: 'மனம்', 'மணம்', 'பனி', 'பணி', 'கனம்', 'கணம்'. தாளில் விழுந்த ஒரு புள்ளி அழுக்கு 'பல' என்பதைப் 'பல்' ஆக்கிவிடும். தேய்ந்துபோன ஒரு புள்ளி 'பல்' என்பதைப் 'பல' ஆக்கிவிடும். நாகத்தை வணங்கிய ஒரு பக்தரை நரகத்தை வணங்க வைப்பதற்கு ஒரு துளி மை போதும் என்பது சிரிப்புக்குரியதுதான். சமய நூலைப் பதிப்பிப்பவருக்கு அது சிரிப்பாக இராது.

இதற்குக் கருவியே ஓரளவு மருந்து தருகிறது. வெறும் உரைக் கோப்பாக அல்லாமல், டிஎஸ்வி என்ற அட்டவணை வடிவில் வெளியீட்டைக் கேட்டால், ஒவ்வொரு சொல்லோடும் அது பக்கத்தில் இருக்கும் இடமும், கருவி அதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை மதிப்பெண்ணும் 0 முதல் 100 வரையிலான அளவில் கிடைக்கும். இந்த அட்டவணையை ஒரு விரிதாளில் திறந்து, பக்கவாரியாகச் சராசரி எடுத்து, பக்க எண்ணைக் கிடை அச்சிலும் மதிப்பெண்ணை நிலை அச்சிலும் வைத்து ஒரு கோட்டுப் படம் வரைந்துவிட்டால், எந்தப் பக்கங்களை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். படத்தில் பள்ளம் விழுந்த இடங்களில் பெரும்பாலும் பக்கம் கோணலாகவோ, பின்பக்க மை ஊடுருவியோ, நூற்கட்டின் மடிப்பில் வரிகள் வளைந்தோ இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பார்க்கும் உழைப்பை இது மிச்சப்படுத்துகிறது. எனினும் இதற்கும் எல்லை உண்டு. கெட்ட பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் இந்த எண், நல்ல பக்கத்தில் ஒளிந்திருக்கும் 'நரகத்தை'க் காட்டிக்கொடுப்பதில்லை. தவறான சொல்லுக்கும் உயர்ந்த மதிப்பெண் வரக்கூடும். மூலப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு மனிதர் வாசிக்கும் மெய்ப்புக்கு மாற்று இல்லை.

பிழைகளைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி டெசராக்டுக்கு வெளியே, அதற்கு முன்பே நடக்க வேண்டியது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்வது அடிப்படைத் தேவை. புள்ளியும் சுழியும் பொருளை மாற்றும் தமிழில், சிறிய எழுத்துகளில் அச்சான அடிக்குறிப்புகள் இருந்தால் 400க்கு உயர்த்துவது நல்லது. கைப்பேசியில் எடுத்த படங்களும் வேலை செய்யும். ஆனால் நிழலும் வளைவும் அதற்கு விலையாக வந்துசேரும். ஸ்கேன்டெய்லர் என்ற இலவச மென்பொருள், விரித்துவைத்த இரு பக்கங்களைப் பிரித்து, சாய்வை நிமிர்த்தி, ஓரங்களை வெட்டி, அழுக்குப் புள்ளிகளை அகற்றித் தருகிறது. அழுக்கு நீக்கத்தை மட்டும் மிகையாக வைக்கக் கூடாது: அது எழுத்தின்மேல் உள்ள புள்ளியையும் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும். பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் பணியை டெசராக்ட் தானே செய்துகொள்ளும். முன்பு பக்கம் முழுவதற்கும் ஒரே அளவுகோலைக் கொள்ளும் ஓட்சு முறை மட்டுமே இருந்தது. 5.0 பதிப்பில் இடத்துக்கு இடம் அளவை மாற்றிக்கொள்ளும் சவோலா முறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓரம் பழுப்பேறி நடு வெளுத்த பழைய தாள்களுக்கு இந்த ஒரு மாற்றத்துக்காகவே புதிய பதிப்பை நிறுவலாம்.

பக்க அமைப்பைச் சொல்லிக்கொடுப்பதும் நம் பொறுப்பு. தானாகக் கண்டறியும் அமைப்பு உரைநடை நூலுக்குப் போதுமானது. செய்யுளும் உரையும் அடிக்குறிப்பும் கலந்த பதிப்புகளில் அது வரிகளின் வரிசையைக் குழப்பக்கூடும். அப்போது ஒரே சீரான பத்தி என்று கருதும் 6ஆம் முறையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தைப் பகுதி பகுதியாக வெட்டிக் கொடுப்பதே பாதுகாப்பானது. மேலும், தமிழ் அச்சில் வரி இறுதியில் சொற்கள் எந்த இணைப்புக்கோடும் இல்லாமல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். டெசராக்ட் வரியை வரியாகவே தரும். எது உடைந்த சொல், எது முழுச்சொல் என்று தீர்மானிக்கும் வேலை பதிப்பாசிரியருடையது.

டெசராக்ட் தமிழைப் படிக்கத் தேவையான பயிற்சிக் கோப்பு மூன்று தொகுப்புகளில் கிடைக்கிறது. லினக்ஸ் வழங்கல்கள் பலவும் வேகமான தொகுப்பையே இயல்பாக நிறுவுகின்றன. நூல் எண்ணிமமாக்கலுக்கு, மெதுவானாலும், 'பெஸ்ட்' என்ற தொகுப்பைத் தனியே இறக்கிக்கொள்வதே சரி. ஒரு பக்கத்துக்குக் கூடுதலாகச் சில நொடிகள் ஆவதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆங்கிலச் சொற்கள் இடையிடையே வரும் நூலென்றால் தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்து இயக்க முடியும். ஆனால் ஆங்கிலமே இல்லாத பக்கத்தில் அதைச் சேர்த்தால், 'ட' 'எல்' என்ற ஆங்கில எழுத்தாகவும், 'ப' 'யு' ஆகவும் மாறி நிற்பதைக் காண நேரும். தேவையில்லாத இடத்தில் தமிழ் மட்டும் போதும்.

பழைய அச்சு நூல்களோடு வருவோர்தான் பெரிய ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன், 'ணா', 'றா', 'னா' ஆகியவை வளைந்த கூட்டெழுத்துகளாகவும், 'ணை', 'லை', 'ளை', 'னை' ஆகியவை யானைத் துதிக்கையோடும் அச்சாயின. இவற்றோடு ஒகர ஓகார வடிவங்கள் ஆறையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள் மாற்றப்பட்டன. டெசராக்டின் மொழிக் கோப்புகளோ பெரும்பாலும் கணினி எழுத்துருக்களில் செயற்கையாக உருவாக்கிய வரிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. லத்தீன் எழுத்து மொழிகளுக்குச் சுமார் 4500 எழுத்துருக்கள் பயன்பட்டன என்றும், மற்ற எழுத்து முறைகளுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை என்றும் அதன் ஆவணங்களே சொல்கின்றன. இன்றைய எழுத்துருவில் இல்லாத துதிக்கையை அது எங்கே கற்றிருக்கும்? 'லை' என்ற எழுத்து மிகுதியாகப் புழங்கும் மொழியில் இது சிறு குறையன்று; 'தலை', 'மாலை', 'இல்லை' எல்லாம் சிதையும்.

டெசராக்டுக்குச் சொந்தமான சாளரம் எதுவும் இல்லை. கட்டளை வரியில் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குத் தயங்குவோருக்கு ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பு இருக்கிறது. படமும் உரையும் அருகருகே தெரிவதால் மெய்ப்புக்கும் அது வசதி. பிடிஎஃப் கோப்பை டெசராக்ட் நேரடியாக உள்வாங்காது, படங்களாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலம் கொண்ட பிடிஎஃபை வெளியிடும். பிடிஎஃபிலிருந்து பிடிஎஃபுக்கே போக விரும்புவோருக்கு ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற மென்பொருள் அந்த இடைவெளியை நிரப்புகிறது. கையெழுத்துப் பிரதிக்கும் ஓலைச்சுவடிக்கும் டெசராக்டை அணுகவே வேண்டாம்.

இணையம்வழி இயங்கும் கூகுளின் மேகக்கணி எழுத்துணரியோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முடியாது. மங்கலான தமிழ்ப் பக்கங்களில் மேகக்கணிச் சேவையே பெரும்பாலும் முன்னிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இணைய நூலகமான விக்கிமூலத்தின் எழுத்துணரிக் கருவி இரண்டையும் தேர்ந்தெடுக்க விடுவதால், ஒரே பக்கத்தை இரண்டிலும் இட்டுப் பார்ப்பது எளிது. அவை ஒன்றோடொன்று முரண்படும் இடங்களை மட்டும் தேடிப் பார்ப்பது நல்ல மெய்ப்பு உத்தியும்கூட. ஒரே பிழையை இரண்டும் செய்வது அரிதென்பதால், மேலே சொன்ன நாகமும் நரகமும் இப்படித்தான் அகப்படும். ஆனால் குடும்ப ஆவணங்களையோ உரிமை தெளிவில்லாத தாள்களையோ பிறர் வழங்கியில் ஏற்றத் தயங்குவோருக்கும், ஒரு நூலகத்தின் முழு அலமாரியையும் இரவோடிரவாகக் கணினியில் ஓடவிட நினைப்போருக்கும் டெசராக்டே பொருத்தம்.

அத்துடன், மேகக்கணிச் சேவைக்கு நம்மால் கற்பிக்க முடியாது, இதற்கு முடியும். 'பெஸ்ட்' தொகுப்பின் கோப்பை அடித்தளமாக வைத்து, வரிப் படங்களையும் அவற்றுக்கு நேரான திருத்திய உரையையும் இணையிணையாகக் கொடுத்து, துதிக்கை எழுத்துகளைப் படிக்கும் ஒரு மாதிரியை உருவாக்கலாம். நுட்ப அறிவும் பொறுமையும் கேட்கும் வேலைதான். ஆனால் 1978க்கு முந்தைய நூல்களைப் பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்து முடித்த குழுக்களிடம் ஸ்கேன் படமும் சரியான உரையும் ஏற்கெனவே ஒன்றாக இருக்கின்றன. அவற்றை வரிவரியாகப் பிரித்துக் கொடுப்பதுதான் எஞ்சியிருக்கிறது.