ஊதா ஜாக்கெட்டும் 7,200 ரூபாய்க் கண்ணாடியும்

திருச்சியில் லேடீஸ் டெய்லர் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது எதிலும் எனக்குத் தயக்கம் கிடையாது. மேட்சிங் நூல் எடுக்கும்போது மட்டும் கை நின்றுவிடும். ஊதாவும் நீலமும் எனக்கு ஒன்றுபோலத்தான். இலைப்பச்சைக்கும் பாக்குக் கலருக்கும் வித்தியாசம் பிடிபடாது. வெளிர் ரோஸ் பல நேரம் சாம்பலாகத் தெரியும்.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த ஜாக்கெட். ஊதாப் பட்டுக்கு நீல நூல் போட்டு, ஹெம்மிங் வரை முடித்துவிட்டேன். கல்யாணப் பெண்ணின் அம்மா வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அன்று ராத்திரி முழுக்கப் பிரித்துத் தைத்தேன். பட்டில் ஊசி ஏறின துளை லேசில் மறையாது. பழைய துளையிலேயே புதுத் தையலை ஓட்ட வேண்டியிருந்தது. மறுநாளே, என்னைப் போல நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கென்று விற்கிற இந்தக் கண்ணாடிக்கு ஆர்டர் போட்டேன்.

கம்பெனிப் பெயர் வேண்டாம். கண்ணாடியைப் போட்டவுடன் ஆட்கள் தேம்பி அழும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் அவற்றைப் பார்த்து அழுதிருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் அதன் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நிறம் பார்க்க நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. என் போன்றவர்களுக்குப் பச்சைக்கான செல் பிடிக்கிற ஒளி, சிவப்புக்கான செல் பிடிக்கிற ஒளியின் பக்கமாக நகர்ந்துவிட்டிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒளிக்குப் பதில் சொல்லும். அந்த இரண்டும் சேர்ந்து பிடிக்கிற நடுப்பகுதி ஒளியைக் கண்ணாடி வெட்டிவிடுகிறது. மிச்ச ஒளியில் சிவப்பும் பச்சையும் கொஞ்சம் தள்ளித் தள்ளித் தெரிகின்றன. அவ்வளவுதான். ஒரு வகை செல்லே இல்லாதவர்களுக்கு அதை உண்டாக்கித் தர எந்தக் கண்ணாடியாலும் ஆகாது.

முதல் நாள் வெயிலில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுச் செம்பருத்தியைப் பார்த்தேன். எப்போதும் பூவின் வடிவத்தை வைத்துத்தான் தேடிக் கண்டுபிடிப்பேன். கண்ணாடிக்குள் பூக்கள் இலையை விட்டு முன்னால் வந்து நின்றன. ஏழு எண்ணினேன். கழற்றிவிட்டுப் பார்த்தால் நாலுதான் சட்டென்று அகப்பட்டது. அந்த அஞ்சு நிமிஷத்துக்காக நான் கண்ணாடியைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைக்குள் வந்ததும் கதை வேறு. டியூப் லைட்டில் எல்லாம் இருட்டிப்போனது. வெள்ளை நூல் லேசாக ரோஸ் அடித்தது. வெறும் கண்ணுக்கு நன்றாகப் பிரிந்து தெரிந்த கருநீலமும் கறுப்பும் இப்போது ஒன்றாகிவிட்டன. ஊதா நூல்கண்டையும் நீல நூல்கண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தது, எது ஊதா என்று தெரியவில்லை. எனக்கு வேண்டியதே அதுதானே!

கண் டாக்டரிடம் எடுத்துப்போனேன். அவர் நிறப் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்த புள்ளிப் படப் புத்தகத்தை விரித்தார். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917இல் கொண்டுவந்த சோதனை அது, முழுத் தொகுப்பில் 38 படம். கண்ணாடியோடு, முன்பு தெரியாத சில எண்களைப் படித்தேன். ஆனால் அதில் என்னைப் போன்றவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய சில படங்களும் உண்டு. அவை மங்கிப்போயின. "ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது" என்றார் டாக்டர். ஸ்பெயினில் கிரனடா பல்கலைக்கழகத்தார் இந்த வகைக் கண்ணாடியைச் சோதித்து 2018இல் எழுதியதும் இதையேதான்: நிறம் மாறித் தெரியும், பார்வை இயல்பாகிவிடாது. திருப்பி அனுப்பலாம் என்றால், கூரியர் செலவு நம் தலையில். நான் அனுப்பவில்லை.

டிரைவிங் லைசென்ஸுக்காக யாரும் இதை வாங்க வேண்டாம். 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு லைசென்ஸ் தரலாம் என்று ஆக்கிவிட்டது. ராத்திரி வண்டி ஓட்டும்போது இதைப் போடவே கூடாது. இருக்கிற வெளிச்சத்தையும் அது குறைக்கிறது.

கடையில் எனக்குக் கைகொடுத்தது, நூல் கலர்களை வரிசையாகக் காட்டும் ஷேடு கார்டு. நூல் கம்பெனிகள் ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கின்றன. கண்டின் அடியிலும் அந்த நம்பர் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் உட்கார்ந்து எல்லாக் கண்டையும் நம்பர் வரிசையில் அடுக்கி, டப்பா மேலே 'ஊதா', 'அரக்கு', 'மாந்துளிர்' என்று எழுதி ஒட்டினாள். இப்போது துணி கொடுக்கும் அக்காமாரிடமே கார்டை நீட்டி, "உங்க துணிக்கு எது சேருதுன்னு தொட்டுக் காட்டுங்கம்மா" என்று கேட்கிறேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் மறைத்ததுதான் கஷ்டமாக இருந்தது. கார்டை வாசலில் வைத்துத்தான் பார்க்கச் சொல்வேன். விளக்கு மாறினால் நிறமும் மாறும். ஜான் டால்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளருக்கும் என் மாதிரியே பச்சையில்தான் குறை. ரோஸ் நிற ஜெரேனியம் பூ அவருக்குப் பகலில் நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து ஆராய்ந்து 1794இல் மான்செஸ்டரில் தன் பார்வையைப் பற்றி ஒரு கட்டுரையே வாசித்தார்.

என் தாய்மாமாவுக்கும் இந்த நிறக்குறைபாடு உண்டு. அம்மா வழியாக எனக்கு வந்தது. என்னிடமிருந்து மகளுக்கு அந்த மரபணு கட்டாயம் போயிருக்கும். அவளுக்குப் பார்வையில் குறையில்லை, ஆனால் அவளுக்குப் பிறக்கும் பையனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே புள்ளிப் படம் காட்டிவிடு என்று.

கண்ணாடி கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. வாங்க யோசிக்கிறவர் யாராவது வந்தால் ரெண்டு நாள் போட்டுப் பார்க்கக் கொடுத்தனுப்புகிறேன். இதுவரை மூன்று பேர் வாங்கிப்போனார்கள். ஒருவர் மட்டும் சொந்தமாக ஆர்டர் போட்டிருக்கிறார். அவர் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்.