நியூசம், டிசாண்டிஸ்: பேச்சை விட்டுக் கையெழுத்தைப் பார்ப்போம்

அமெரிக்க மாநில ஆளுநரை இந்திய ஆளுநரோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அவர் ஓட்டு வாங்கி வருபவர். பட்ஜெட் தருவதும் மசோதாவை ஏற்பதும் மறுப்பதும் அவரே. ஏறக்குறைய நம் முதல்வர் மாதிரி. கலிபோர்னியாவின் கேவின் நியூசமும் (ஜனநாயகக் கட்சி) புளோரிடாவின் ரான் டிசாண்டிஸும் (குடியரசுக் கட்சி) 2019 ஜனவரியில் பதவியேற்று, 2022-ல் மறுபடி வென்றவர்கள். சட்டமன்றமும் அவரவர் கட்சியின் கையில். எதிர்க்கட்சி தடுத்தது என்று இருவரும் சொல்ல முடியாது. ஆகவே மேடைப் பேச்சை விட்டு, இருவரும் கையெழுத்திட்ட சட்டங்களையும் ஆணைகளையும் ஒப்பிடுவோம்.

முதலில் வரி. புளோரிடாவில் தனிநபர் வருமான வரி கிடையாது. அதை மாநில அரசியலமைப்பே தடுக்கிறது, டிசாண்டிஸ் கொண்டுவந்ததல்ல. 6% விற்பனை வரியே கஜானாவின் முதுகெலும்பு. சந்தை சரிந்தாலும் அது பெரிதாக ஆடாது, ஆனால் வாங்கிய சம்பளத்தை அப்படியே செலவழிக்கிற குடும்பத்தைத்தான் அதிகம் பிழிகிறது.

கலிபோர்னியாவின் கதை 1978-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வாக்கெடுப்பில் வென்ற 13-வது முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. பாரம் வருமான வரி மேல் விழுந்தது. 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 13.3%. பெரும்பணக்காரர்கள் பங்கு விற்று லாபம் பார்த்தால் கஜானா பொங்கும், சந்தை விழுந்தால் வற்றும். 2022 மே மாதம் 9,750 கோடி டாலர் உபரி என்றார் நியூசம். இரண்டே ஆண்டில் சுமார் 4,680 கோடி டாலர் பள்ளத்தை அடைக்க வேண்டிவந்தது. ஓராண்டு வெள்ளத்தை நம்பி நிரந்தரச் செலவைத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். நியூசத்தின் பெரிய பலவீனம் இதுதான்.

கூலியில் ஒரு வேறுபாடு. நாடெங்கும் 60 கிளைகளுக்கு மேல் உள்ள துரித உணவுக் கடைகளில் மணிக்குக் குறைந்தது 20 டாலர் கூலி என்பது நியூசம் கையெழுத்திட்ட சட்டம், 2024 ஏப்ரல் 1 முதல் அமல். புளோரிடா 15 டாலரை நோக்கிப் படிப்படியாக ஏறுவதற்குக் காரணம் 2020-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், டிசாண்டிஸின் கையெழுத்தல்ல.

கல்வியில் டிசாண்டிஸின் பெயரோடு அதிகம் அடிபட்டது, மூன்றாம் வகுப்பு வரை பாலின அடையாளம் பற்றிய பாடத்தைத் தடுத்த 2022-ம் ஆண்டுச் சட்டம். பணத்தின் போக்கை மாற்றியதோ 2023 மார்ச்சில் வந்த பள்ளி வவுச்சர் சட்டம், அதாவது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசே பணம் தரும் ஏற்பாடு. வருமான வரம்பு போனது. பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர். தனியார் பள்ளிக் கட்டணம் 12,000 என்றால் மீதி 4,000-ஐப் பெற்றோர்தான் புரட்ட வேண்டும். புரட்ட முடியாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஏற்கெனவே தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அதே தொகை உண்டு. பொதுப் பள்ளிக்கோ தலைக்கணக்கில் நிதி வருவதால், ஒரு வகுப்பில் மூன்று பேர் போனாலும் ஆசிரியர் சம்பளமும் பேருந்துச் செலவும் குறையாது, வரவு மட்டும் குறையும்.

நியூசம் பொதுப் பள்ளியையே விரித்தார்: வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை, மதிய உணவு, நான்கு வயதினர் அனைவருக்கும் முன்பள்ளி வகுப்பு. என் ஓட்டு இதற்கே.

சுற்றுச்சூழலில் இருவருமே கட்சி முத்திரைக்குள் அடங்க மாட்டார்கள். பதவியேற்ற சில நாட்களிலேயே டிசாண்டிஸ், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்கும் நீர்வளத்துக்கும் நான்கு ஆண்டில் 250 கோடி டாலர் என்று ஆணையிட்டார். கடல் ஏற்றத்திலிருந்து கரையோர ஊர்களைக் காக்க 2021-ல் மானியத் திட்டமும் வந்தது. அவரே 2024-ல் மாநிலச் சட்டங்களிலிருந்து 'காலநிலை மாற்றம்' என்ற குறிப்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கினார், கடல் காற்றாலைக்கும் தடை போட்டார். நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டே சீட்டிலிருந்து நோயின் பெயரை அடிப்பது போன்றது இது.

நியூசம் 2035 முதல் புதிய பெட்ரோல் கார் விற்பனை இல்லை என்று 2020-ல் ஆணையிட்டார். ஆனால் கலிபோர்னியா தனி வாகன விதி வகுக்க மத்திய அரசின் விலக்கு தேவை. 2025 ஜூனில் அது ரத்தாகி, மாநிலம் வழக்குக்குப் போனது. 2025-ல் மூடவிருந்த டயப்லோ கேன்யன் அணு மின்நிலையத்தை 2030 வரை நீட்டியதும் அவர்தான். 2020 ஆகஸ்ட் வெயிலில் சூரியன் சாய்ந்த மாலை வேளையில் மின்சாரம் போதாமல் சுழற்சி முறையில் மின்வெட்டு செய்ய வேண்டிவந்ததை அவர் அரசு பார்த்திருந்தது.