நேரில் போய்ப் பேட்டி எடுப்பவர்களுக்கு: சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 குரல் பதிவுக் கருவி

ஈரோட்டில் ஜவுளிக் கடைக்காரர்களிடம் பில் போடும் செயலியைப் பற்றிப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, நடுவில் போனுக்கு அழைப்பு வந்து ரெக்கார்டிங் நின்றுபோனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஒருவர் 40 நிமிடம் மனசுவிட்டுப் பேசியதில் பாதி போய்விட்டது. அந்த வாரமே இதை வாங்கினேன்.

உள்ளேயே 4 ஜிபி இருக்கிறது, மைக்ரோ எஸ்டி கார்டும் போடலாம். இரண்டு ஏஏஏ பேட்டரி போதும், தீர்ந்தால் பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். யூஎஸ்பி முனை கருவியிலிருந்தே வெளியே வரும் என்பதால் கேபிள் தேட வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டி-மார்க் பொத்தான். முக்கியமான பேச்சு வரும்போது அதை அழுத்தினால் பதிவில் அந்த இடத்துக்கு அடையாளம் விழும், அப்புறம் நேராக அங்கே போய்க் கேட்கலாம். குனிந்து குறிப்பு எழுத ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரும் பேச்சை நிறுத்தி நிறுத்திச் சொல்வார், அவர் கை என்ன செய்கிறது என்பதும் நம் கண்ணில் படாது. "எல்லாம் ஆப்புலதாங்க போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு அண்ணன் கல்லாவுக்கு அடியிலிருந்து கடன் நோட்டை எடுத்தார். "கடைசியா இதுல என்னங்க எழுதினீங்க, காட்டுங்களேன்" என்று கேட்டேன். அன்றைக்குத் தெரிய வேண்டியது முழுவதும் அந்த நோட்டில்தான் இருந்தது.

இது பேச்சை எழுத்தாக்கித் தராது. ஒரு மணி நேரப் பதிவை உட்கார்ந்து எழுத எனக்கு நான்கு மணி நேரம் ஆனது, ஆனால் அப்படிக் கேட்டதில்தான் என் தவறு பிடிபட்டது: கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் யோசிப்பதற்குள் "நேரம் இல்லாததாலயா, கஷ்டமா இருக்கறதாலயா?" என்று நானே பதிலையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவரும் "ஆமாங்க, நேரமில்லை" என்று முடித்துவிட்டார். இப்போது கேள்வியைக் கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன்.

பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டு, அவர் சரி என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கடன், வரி என்று பேச்சு திரும்பி அவர் கருவியைப் பார்த்தால் உடனே அணைத்துவிடுங்கள், தயங்கவே வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். முதல் பேட்டிக்கு முன்னால் தெரிந்தவர் கடையில் ஒருமுறை கேள்விகளையும் கருவியையும் சேர்த்தே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

வீடியோ அழைப்பில் மட்டும் பேட்டி எடுப்பவர்களுக்கு இது தேவைப்படாது. கடை, வீடு, பட்டறை என்று நேரில் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், பையில் இன்னொரு ஜோடி பேட்டரியும் இருக்கட்டும்.