‘டேட்டாபேஸ் போச்சு சார்’ என்றால் காசோலை எழுதாதீர்கள்: டிஸ்பேஸ் வைத்திருக்கும் நூலகங்களுக்கு

எங்கள் கல்லூரி நூலகம் ஆய்வேடுகளை டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் சேமித்து இணையத்தில் தருகிறது. அதன் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த நிறுவனம் அந்த சர்வரின் இயங்குதளமான உபுண்டுவை 20.04-இலிருந்து 22.04-க்கு ஏற்றியது. மறுநாள் தளம் திறக்கிறது, ஆனால் உள்ளே ஒரு ஆய்வேடுகூட இல்லை. பழைய அட்மின் கடவுச்சொல்லும் ஏற்கவில்லை. “டேட்டாபேஸ் கரப்ட், எல்லாத்தையும் மறுபடி ஏத்தணும்” என்று சொல்லி, பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என கொட்டேஷனும் வந்தது. டேட்டாபேஸோ பத்திரமாக அதே டிஸ்கில் இருந்தது.

டிஸ்பேஸின் டேட்டாபேஸை நடத்துவது போஸ்ட்கிரஸ் என்ற மென்பொருள். உபுண்டு 20.04-இல் வருவது போஸ்ட்கிரஸ் 12, 22.04-இல் 14. இயங்குதளத்தை ஏற்றும்போது 14-க்குத் தனியாக ஒரு காலி க்ளஸ்டர் (டேட்டாபேஸ்கள் இருக்கும் தொகுப்பு) உருவாகும். பழைய தரவு தானாக அதற்குள் போகாது. இணைப்பு எண்ணான 5432 போர்ட்டைப் பழையது பிடித்திருப்பதால் புதியது 5433-இல் உட்காரும். ‘தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கலாமா’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ தட்டினால் 12-இன் மென்பொருள் போய்விடும். தரவுக் கோப்புறை போகாது. இவர்கள் 14-ஐ 5432-க்கு மாற்றி, ‘டிஸ்பேஸ்’ என்ற அதே பெயரில் காலி டேட்டாபேஸ் ஒன்றைப் படைத்துவிட்டார்கள். டிஸ்பேஸ் தொடங்கும்போது காலி டேட்டாபேஸைக் கண்டால் அட்டவணைகளைத் தானே கட்டிக்கொள்ளும். அதனால்தான் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அமைதியாக ஒரு வெற்றுத் தளம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ‘டிஸ்பேஸ் டேட்டாபேஸ் இன்ஃபோ’ கட்டளையை ஓட்டுங்கள். எந்த முகவரியில் இணைந்திருக்கிறது என்பதும், அட்டவணை மாற்றங்கள் ஒவ்வொன்றும் நிறுவப்பட்ட தேதியும் வரிசையாக வரும். ஆண்டுக்கணக்கில் ஓடிய தளத்தில் எல்லா வரிக்கும் நேற்றைய தேதி இருந்தால், அது உங்கள் டேட்டாபேஸே இல்லை. அடுத்து க்ளஸ்டர்களைப் பட்டியலிடும் ‘பிஜி_எல்எஸ்க்ளஸ்டர்ஸ்’ கட்டளை. அதில் 12 மெயின் என்ற வரியும் பக்கத்தில் ‘பைனரீஸ் மிஸ்ஸிங்’ (மென்பொருள்தான் இல்லை) என்றும் தெரிந்தால் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம்.

ஆனால் டீக்கு முன்னால் கிரானை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளை, நிறுத்துங்கள். இரவுதோறும் ஒரே கோப்புப் பெயரில் டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால், இன்றிரவு அது காலி டேட்டாபேஸை டம்ப் செய்து நல்ல பேக்கப்பின் மேலேயே எழுதிவிடும். டிஸ்பேஸை இயக்கும் டாம்கேட்டையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் யாராவது காலித் தளத்தில் புதுப் பதிவு ஏற்றி வைப்பார்கள். பழைய பேக்கேஜில் ‘பர்ஜ்’ என்ற சொல்லை யாரும் தட்டக்கூடாது, அது தரவையும் அழித்துவிடக்கூடும்.

மீட்பது இப்படி. 12-இன் தரவுக் கோப்புறையை முழுதாக வெளி டிஸ்கில் நகலெடுங்கள். போஸ்ட்கிரஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து 12-ஐ மறுபடி நிறுவி, அதன் கான்ஃபிக் கோப்பில் போர்ட்டை 5433 ஆக்கித் தொடங்குங்கள். பதிவுகள் இருக்கும் ஐட்டம் அட்டவணையில் எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியென்றால் 14-இன் பிஜி_டம்ப் கொண்டு 5433-இலிருந்து டம்ப் எடுங்கள். காலி டேட்டாபேஸை அழிக்காமல் பெயர் மாற்றி வைத்துவிட்டு, டம்பை 14-இல் ஏற்றுங்கள். டிஸ்பேஸ் 6, 7-க்கு பிஜிகிரிப்டோ என்ற போஸ்ட்கிரஸ் நீட்சி கட்டாயம், போஸ்ட்கிரஸ் சூப்பர்யூசராக ஏற்றினால் அதுவும் கூடவே வந்துவிடும். கடைசியாக ‘இண்டெக்ஸ்-டிஸ்கவரி’யை ‘-பி’ சேர்த்து ஓட்டினால் தேடல் திரும்பும்.

“பிடிஎஃப் எல்லாம் இருக்கே, அதை வச்சு ஏத்திடலாம்” என்ற பேச்சையும் நம்பாதீர்கள். டிஸ்பேஸ் கோப்புகளை வைக்கும் அசெட்ஸ்டோரைத் திறந்து பாருங்கள்: இரண்டிரண்டு இலக்கப் பெயரில் மூன்று அடுக்குக் கோப்புறை, அதற்குள் 38 இலக்கம் வரை நீளும் எண்ணே பெயராக ஒரு கோப்பு. நீட்டிப்பு கிடையாது, தலைப்பு கிடையாது. எது யாருடைய ஆய்வேடு, எந்த ஹேண்டில் (நிலையான இணைய முகவரி எண்) என்பதெல்லாம் டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். அதை விட்டு மறுபடி ஏற்றினால் ஹேண்டில் எண்கள் மாறி, மேற்கோள் காட்டியவர்களின் இணைப்பெல்லாம் அறுந்துபோகும்.

எங்களுக்குத் திரும்ப வராதது ஒன்றுதான்: பதிவிறக்கப் புள்ளிவிவரம். அது போஸ்ட்கிரஸில் இல்லை, தேடல் மென்பொருளான சோலரில் இருக்கிறது. ‘சோலர்-எக்ஸ்போர்ட்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ ஓட்டித் தனியாக எடுத்து வைக்க வேண்டியது. கேட்காமலே சோலரையும் புதிதாக நிறுவியிருந்தார்கள், அதற்கும் பில் போட்டிருந்தார்கள்.