டாக்ஸ்: அமெரிக்க நலவாழ்வு மானியங்களின் திறந்த கணக்கேடு

அமெரிக்க நலவாழ்வு, மனித சேவைகள் துறை வழங்கும் மானியங்களை எவரும் தேடிப் பார்க்கும்படி அத்துறையே நடத்திவரும் ‘டாக்ஸ்’ (TAGGS) தரவுத்தளத்துக்குக் கட்டணம் இல்லை. பெறுநர், மாநிலம், நிதியாண்டு, ஒவ்வொரு உதவித் திட்டத்துக்கும் அரசு தந்திருக்கும் திட்ட எண் என எதை வைத்தும் தேடலாம். நான் திட்ட எண்ணையே விரும்புகிறேன். பெயர்களின் எழுத்துக்கூட்டல் மாறலாம், ஆனால் 93.778 என்றால் வருமானம் குறைந்தோருக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டு, 93.600 என்றால் ஏழைக் குழந்தைகளுக்கான முன்பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்ட் என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை.

திட்ட எண் போக, ஒவ்வொரு மானியத்துக்கும் தனியே உள்ள மானிய எண்ணைப் படிக்கப் பழகிவிட்டால் தேடல் இன்னும் சுவைக்கும். ‘ஆர்01சிஏ’ (R01CA) என்று தொடங்கும் எண்ணில் ஆர்01 என்பது ஆய்வுத் திட்ட மானியத்தையும், சிஏ என்பது தேசியப் புற்றுநோய் நிறுவனத்தையும் குறிக்கும். அடுத்துவரும் ஆறு இலக்கங்கள் அந்த ஆய்வுக்கே உரிய வரிசை எண்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: இங்கே தெரிவது அரசு தருவதாக உறுதியளித்த தொகையே தவிர, பெற்றவர் செலவழித்த தொகை அன்று. கழித்தல் குறியோடு ஒரு வரி வந்தால் ஊழல் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் முன்பு ஒதுக்கியதில் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டிருக்கும். கருவூலத்திலிருந்து பணம் வெளியேறியதா, அதில் எவ்வளவு, பெற்றவர் பிறருக்குப் பகிரும் துணை மானியமாகப் பிரிந்தது என்பதை அறிய, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகத் தோன்றிய ‘யுஎஸ்ஏஸ்பெண்டிங்’ தளத்தையும், ஆய்வுச் சுருக்கத்தைப் படிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ‘ரிப்போர்ட்டர்’ தளத்தையும் நாடுவதே நல்லது. மூன்றுக்கும் பொதுவான திறவுகோல் அந்த மானிய எண்தான். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.