ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா? கோத்தகிரிச் சரிவுக்கு ஒரு கணக்கு

மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கும் டவுன்ஹில் பந்தயத்துக்குப் பேர் கொடுத்த மறுநாளே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த சைக்கிளோடு போவது? வீட்டில் இருக்கும், முன்சக்கரம் மட்டும் அமுங்கும் ஹார்ட்டெயில் போதுமா, கடன் வாங்கியாவது முன்னும் பின்னும் அமுங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் எடுக்க வேண்டுமா, இல்லை யாரிடமாவது சும்மா நிற்கும் அசல் டவுன்ஹில் சைக்கிளை இரவல் கேட்கலாமா? உலகக் கோப்பை வீடியோக்களைப் பார்த்தவர்கள் மூன்றாவதுக்குத்தான் கை தூக்குவார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓட்டுகிற அமெச்சூருக்குக் கணக்கு வேறு.

பந்தயம் நடக்கும் இரண்டு நாள் எப்படிப் போகும் என்று முதலில் பார்த்துவிடலாம். சனிக்கிழமை காலை பாதையை நடந்து பார்ப்பது, அப்புறம் பயிற்சி ஓட்டம். ஞாயிறு காலை தகுதிச் சுற்று, அதன் பிறகு பந்தயம். ஒவ்வொருவராக, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளி விட்டு அனுப்புவார்கள். பக்கத்தில் ஓட்டுபவரை முந்துகிற ஆட்டம் இல்லை, கடிகாரத்தோடுதான் போட்டி. கீழே வர மூன்று நான்கு நிமிடம் போதும். அந்த நான்கு நிமிடத்துக்காக இரண்டு நாளும் திரும்பத் திரும்ப மேலே ஏற வேண்டியிருக்கிறதே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவின் மலைகளில் சேர் லிஃப்டில் சைக்கிளை மாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். இங்கே பிக்கப் வண்டிதான். ஒரு நடைக்கு ஏழெட்டு சைக்கிள் ஏற்றும், எஸ்டேட் ரோட்டில் போய்த் திரும்ப அரை மணி, முக்கால் மணி ஆகும். வரிசையில் நிற்காமல் மிதித்தே ஏறிவிடுபவருக்கு அன்றைக்கு ஓரிரண்டு ஓட்டம் கூடுதலாகக் கிடைக்கும். பாதையை மனப்பாடம் செய்வதுதான் அமெச்சூர் பந்தயத்தில் பாதி வெற்றி என்பதால், அது பெரிய லாபம்.

அதனால்தான் அசல் டவுன்ஹில் சைக்கிளை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுகிறேன். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கும் சஸ்பென்ஷன், முன்சக்கரத்தைத் தாங்கும், மேலும் கீழும் இரண்டு இடத்தில் இறுக்கிய இரட்டைக் கிரவுன் ஃபோர்க், 16, 17 கிலோ எடை. சீட் தாழ்வாகவே நிற்கும், பின்னால் பெரும்பாலும் ஏழு கியர். இறக்கத்தில் அதற்கு நிகர் கிடையாது. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். சென்னையிலிருந்து வருபவருக்குச் சும்மா நடந்தாலே முதல் நாள் மூச்சு வாங்கும். இன்னொன்று, இந்த சைக்கிள் நீளமானது, வேகமாகப் போனால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை எட்டடிக்கு ஒரு தரம் திரும்புகிறது, நடுவில் கற்சுவர், படிக்கட்டு, குறுக்கே வடிகால். அவ்வளவு வேகம் எடுக்க இடம் எங்கே?

ஆக, நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவேதான்.

ஹார்ட்டெயில் என்றால் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை. எடை குறைவு, ஏறுவது சுலபம், பழுதாக அதிகம் ஒன்றும் இல்லை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு ஐம்பது அறுபதாயிரம் ரூபாய்க்குள் உருப்படியானது கிடைக்கும். இதன் பலவீனம் பின்சக்கரம். சில்வர் ஓக் வேர் குறுக்கே வந்தாலோ வடிகால் விளிம்பில் இடித்தாலோ பின்சக்கரம் துள்ளும்; துள்ளுகிற நேரத்தில் அது மண்ணில் இல்லை, மண்ணில் இல்லாத சக்கரத்தை எந்த பிரேக்காலும் நிறுத்த முடியாது. முழங்கால்தான் ஷாக் அப்ஸார்பர். ஞாயிறு மதியத்துக்குள் முன்கை கட்டிப்போய் பிரேக் லீவரை இழுக்க விரல் ஒத்துழைக்காது.

இந்த இடத்தில், மிதித்து ஏறவும் வேகமாக இறங்கவும் தோதான எண்டியூரோ வகை ஃபுல் சஸ்பென்ஷன் தெளிவாக ஜெயிக்கிறது. 150 முதல் 170 மில்லிமீட்டர் டிராவல், அதாவது அமுங்கும் தூரம் உள்ள சைக்கிளில் பின்சக்கரம் வேர் மேல் ஏறி இறங்கி மண்ணை விடாமல் வரும். தப்பான இடத்தில் சக்கரத்தை விட்டாலும் பல நேரம் மன்னித்துவிடும். ஏறும்போது பட்டனைத் தட்டினால் சீட் உயரும், இறங்கும்போது தாழும். 15 கிலோ இருந்தாலும் மிதித்தே மேலே போய்விடலாம். பிப்ரவரி, மார்ச்சில், மண் காய்ந்து சரளைக்கல் உருளும்போது, அதே ஆள் இரண்டையும் ஓட்டினால் வித்தியாசம் கடிகாரத்திலேயே தெரியும்.

ஆனால் மழைக்காலத்தில் கதை மாறுகிறது. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்; கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குதான் பெரிய மழை. அப்போது செம்மண் வழுக்கத் தொடங்கும். எட்டு அங்குலம் அமுங்கும் சைக்கிளும் வழுக்கும், அமுங்காததும் வழுக்கும். அங்கே பேசுவது டயர் மட்டுமே. 2.4, 2.5 அங்குல அகலம், உயரமான கட்டை வைத்த டயர், கனமான பக்கச்சுவர், ட்யூப்லெஸ், உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம். காற்று 22 முதல் 28 பிஎஸ்ஐக்குள், ஓட்டுபவரின் எடையைப் பார்த்து. ஹார்ட்டெயிலுக்குப் பின்னால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ரிம் கல்லில் இடிக்கும். மோசமான டயர் போட்ட மூன்று லட்ச ரூபாய் சைக்கிளை, நல்ல டயர் போட்ட ஹார்ட்டெயில் நவம்பரில் முந்திவிட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பிரேக்கும் அப்படித்தான். இந்த விளையாட்டின் வரலாறே பிரேக் சூட்டோடு தொடங்குகிறது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ‘ரீபேக்’ பந்தயம் ஆரம்பித்தபோது, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் வைத்த பழைய குண்டு டயர் சைக்கிள்களில்தான் இறங்கினார்கள். ஒரு தடவை இறங்கினாலே சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகையாகிவிடும். கிரீஸைத் திரும்ப அடைத்துவிட்டுத்தான், அதாவது ‘ரீபேக்’ செய்துதான், மறுபடி ஓட்ட முடியும். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை என்றாலும் ஹார்ட்டெயிலோடு வரும் 160 மில்லிமீட்டர் ரோட்டர், அதாவது டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடு, நீண்ட இறக்கத்தில் சூடாகி, லீவர் பிடித்தும் பிடிக்காத மாதிரி ஆகும். முன்னால் 180 அல்லது 203 ரோட்டர் மாட்டுங்கள், உங்கள் ஃபோர்க் எது வரை தாங்கும் என்று பார்த்துக்கொண்டு. சேற்றில் ரெசின் பிரேக் பேட் சீக்கிரம் தேயும். மெட்டல் பேட் கத்தும், ஆனால் நிற்கும். ஃபுல் சஸ்பென்ஷனுக்குச் சேர்த்து வைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கும் டயருக்கும் முகம் மூடிய ஹெல்மெட்டுக்கும் செலவழித்தாலே பாதி இடைவெளி குறைந்துவிடும்.

பராமரிப்பு என்று வந்தால் ஹார்ட்டெயில் பக்கம்தான் தராசு சாயும். ஃபோர்க்கின் கீழ்க்காலைச் சுமார் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பிரித்துத் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டும். ஃபுல் சஸ்பென்ஷனில் அதோடு பின் ஷாக், அப்புறம் பின்பாகம் அசையும் மூட்டுகளில் இருக்கும் பிவட் பேரிங்குகள். செம்மண் சேறு பேரிங்குக்குள் போனால் கரகரவென்று சத்தம் வரும், அதற்கெல்லாம் மலையிறங்கித்தான் ஆளைத் தேட வேண்டும்.

பழனி மலைப் பக்கம் தாண்டிக்குடியில் ஓட்டுவதானால் என் சாய்வு ஃபுல் சஸ்பென்ஷனுக்கே. அங்கே மர நிழலில் காப்பித் தோட்டம். சருகு மூடிய தரையில் கல்லும் வேரும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை இடிக்கும்போது பின்னால் ஷாக் இருப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நடக்கும். "அக்கா, கொஞ்சம் நில்லுங்க, சைக்கிள் வருது" என்று பாதையோரம் காவலுக்கு நிற்கும் மார்ஷல் கத்துவதற்குள் கொழுந்துக் கூடையோடு யாராவது பாதையைக் கடந்திருப்பார்கள். சாயங்காலமானால் காட்டுமாடு நிற்கும். அங்கே தேவை வேகமாக இறங்கும் சைக்கிள் இல்லை, சட்டென்று நிற்கும் சைக்கிள்.

முதல் வார இறுதிக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: ஹார்ட்டெயில், நல்ல டயர், பெரிய ரோட்டர். இரண்டாவது சீசனிலும் ஆசை தணியாவிட்டால் எண்டியூரோ, அதுவும் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். புதிதாக நல்லது வாங்க இரண்டரை, மூன்று லட்சமாவது ஆகும். முப்பதாயிரத்துக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்து விற்கும் ஃபுல் சஸ்பென்ஷனை மட்டும் தொடவே வேண்டாம். எடை ஏறும், ஸ்பிரிங் ஊஞ்சல் ஆடும், பிடிமானம் மட்டும் அதிகமாகாது. செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பிவட்டில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும். ஃபோர்க் காலில் கீறல் இருக்கிறதா, ஷாக்கைச் சுற்றி எண்ணெய் கசிந்திருக்கிறதா, ஃபிரேமில் வெல்டிங் பக்கம் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கியரைத் தாங்கும் ஹேங்கர் அந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கழுவித் துடைத்துத்தான் காட்டுவேன் என்று விற்பவர் சொன்னால், கழுவுவதற்கு முன்னாலேயே போய் நில்லுங்கள்.