வெப்சைட் பில்டரா, டெவலப்பர் ஹோஸ்டிங்கா? இரண்டையும் சில வருடம் ஓட்டிப் பார்த்ததில்

இரண்டு சைட்டுகளைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று, வகுப்புகள் நடத்தும் ஒரு சிறு குழுவுடையது. கோடு எழுதாமல் திரையிலேயே பக்கங்களை அமைக்கவிடும் சந்தா சேவையான பில்டரில் ஓடுகிறது. இன்னொன்று என் கட்டுரைகளுக்கானது. டெக்ஸ்ட் ஃபைல்களை வெப் பக்கங்களாக்கும் ஹ்யூகோ என்ற மென்பொருளில் உருவாக்கி, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) வைத்து, அங்கிருந்தே ஃபைல்களை எடுத்து சைட்டாக வெளியிடும் டெவலப்பர் ஹோஸ்டிங்கில் போடுகிறேன். எதை எடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாராவாரம் அதில் கை வைக்கப்போவது யார்?

வகுப்பு நேரம் மாறினால் குழுவின் ஒருங்கிணைப்பாளரே போனில் சைட்டைத் திறந்து, அந்த வரியை மாற்றி, பப்ளிஷ் கொடுத்துவிடுவார். என்னைக் கேட்க வேண்டியதே இல்லை. சைட்டின் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல், ஃபார்ம், பேமென்ட் எல்லாம் சந்தாவுக்குள்ளேயே அடங்கிவிடும். அதே திருத்தத்துக்கு என் சைட்டில் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய டெக்ஸ்ட் ஃபைலைத் திருத்தி, கமிட் போட்டு (மாற்றத்தைக் கிட்டில் பதிந்து), புஷ் செய்ய (அதை சர்வருக்கு அனுப்ப) வேண்டும். எனக்குக் கை பழகிய வேலை; அவர்மேல் அதைச் சுமத்த மாட்டேன்.

ஆனால் புஷ் செய்த பிறகு நடப்பது எனக்கு இன்றும் பிடிக்கும். பில்ட், அதாவது ஃபைல்களை வெப் பக்கங்களாக்கும் வேலை, தானாக ஓடும். மாற்றங்களைத் தனியே செய்து பார்க்கும் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி பிரிவ்யூ லிங்க் வரும். ஏதாவது உடைந்தால் முன்பு வெளியிட்ட பழைய டிப்ளாய்மென்டுக்கு உடனே திரும்பிவிடலாம். நெட்லிஃபை, வெர்செல், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற டெவலப்பர் ஹோஸ்டிங் சேவைகள் மூன்றிலுமே இது உண்டு. தொல்லை வருவது பில்டில்தான். ஹ்யூகோ பதிப்பு ஏறியதும் சைட்டின் தோற்றத்தைத் தரும் தீமில் இருந்த பழைய கட்டளை ஒன்று செல்லாமல் போய், பில்ட் நின்றுவிட்டது. பதிப்பு எண்ணை ஹோஸ்டிங் அமைப்புகளில் உள்ள என்விரான்மென்ட் வேரியபிளில் பூட்டி வைத்தபின் அந்தச் சிக்கல் வரவில்லை.

வருடங்கள் போகப்போகத்தான் வெளியேறும் வழியின் அருமை தெரியும். விக்ஸ் என்ற பில்டரில் செய்த சைட்டை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. இன்னொரு பில்டரான ஸ்க்வேர்ஸ்பேஸ், உள்ளடக்கத்தை எக்ஸ்எம்எல் ஃபைலாகத் தரும். டிசைன் அதில் வராது. குழு முன்பு இருந்த ஒரு பில்டரில் கட்டணம் ஏறிக்கொண்டே போனதால் அங்கிருந்து கிளம்பினோம். பக்கங்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்து, படங்களை இறக்கி, பழைய முகவரிகளுக்கெல்லாம், வருபவரைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் எழுதி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் கட்டுரைகளோ வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள். ஹோஸ்டிங்கை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும்.

இலவசத் திட்டத்தை நம்பி இறங்குகிறவர்கள் விதிகளைப் படித்துவிடுங்கள். வெர்செலின் இலவசத் திட்டம் வணிகம் சாராத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். ஹெரோக்கு என்ற இன்னொரு ஹோஸ்டிங் சேவை 2022 நவம்பரில் இலவசச் சேவையையே நிறுத்திவிட்டது.

எந்தப் பக்கம் போனாலும் டொமைனை (சைட்டின் பெயர் முகவரியை) மட்டும், டொமைன் பதிந்து தரும் தனி ரெஜிஸ்ட்ராரிடம், உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். இடம் மாறும்போது டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில், அந்தப் பதிவைப் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பதற்கான டிடிஎல் அளவை ஓரிரு நாள் முன்பே 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். இந்த டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகளை முதலில் புது இடத்தில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சைட் ஓடும், மெயில் நின்றுவிடும்.